களிம்புக்கும் ஒரு முடிவு நாள் வேண்டும்

(தமிழ்ப் பள்ளியொன்றின் பெற்றோர் - இளையோர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாயகம் சென்று திரும்பும் குடும்பத்தின் பெட்டியில் மிளகாய்த் தூளும் ஊறுகாயும் புத்தாடைகளும் இருக்கும். அவற்றினிடையே ஒரு சிறிய களிம்புக் குழாயும் இருப்பதுண்டு. "பிள்ளையின் முகத்தில் இருக்கும் கரும்புள்ளி பத்தே நாளில் போய்விடும், இங்கே எல்லாரும் இதைத்தான் பூசுகிறார்கள்" என்று சொல்லி ஒரு சித்தியோ அத்தையோ கொடுத்தனுப்பியதாக அது இருக்கும். அன்பினால் தரப்பட்ட பொருள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்குழாய்க்குள் இருப்பது, பெரும்பாலும், மருத்துவர் சீட்டு எழுதித் தரவேண்டிய மருந்தாகும்.

மருந்துச் சீட்டு என்பது கடைக்காரரிடம் காட்டுவதற்கான அனுமதித் தாள் மட்டுமன்று. எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை நாள் என்னும் நான்கு வினாக்களுக்கான விடை அதில் அடங்கியுள்ளது. பெட்டியில் வந்த குழாயோடு இந்நான்கும் வருவதில்லை. குறிப்பாக நான்காவது விடை, அதாவது எந்த நாளில் நிறுத்துவது என்பது, யாருக்கும் தெரிவதில்லை. கரும்புள்ளிக் களிம்புகளால் நேரும் கேடுகளில் பெரும்பகுதி அந்த ஒரு விடை தெரியாமையால் நேர்வதே. இவ்வுரையின் சாரம் இதுவாகும்.

புள்ளி வேறு, நிறம் வேறு

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தமிழர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. அவ்வுயிரணுக்கள் எவ்வளவு நிறமியைச் செய்கின்றன, அது தோலில் எவ்வாறு பரவியுள்ளது என்பதில்தான் வேறுபாடு. இந்நிறமி வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் கவசமாகும். ஆகவே கருநிறமோ மாநிறமோ நோயன்று. அதற்கு மருந்தும் தேவையில்லை.

கரும்புள்ளி என்பது வேறு. பருவோ, சிரங்கோ, பூச்சிக்கடியோ, கீறலோ ஆறிய பின் அவ்விடத்தில் நிறமி மிகுதியாகச் சேர்ந்து தங்கிவிடுவதே பெரும்பாலான கரும்புள்ளிகளுக்குக் காரணம். நிறமி மிகுந்த தோல் எந்த அழற்சிக்கும் இவ்வாறு விடையளிக்கும். அதனால்தான் ஒரே வகைப் பரு வந்த இரு மாணவியருள் ஒருத்திக்குச் சிவந்த தழும்பும், தமிழ்ப் பெண்ணுக்குக் கரும்புள்ளியும் எஞ்சுகின்றன. இப்புள்ளி தோலின் மேலடுக்கில் இருந்தால் மருந்தே இல்லாவிடினும் சில மாதங்களில் மங்கத் தொடங்கும். ஆழ்ந்த அடுக்கில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இன்னொரு வகை, கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படர்வது. ஊர் வழக்கில் அதற்கு மங்கு என்று பெயர். கருவுற்ற காலத்திலும், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும்போதும் இது தோன்றலாம். வெயிலால் மிகும். மருந்தால் மங்கினாலும் வெயில் பட்டால் மீளும் இயல்புடையது.

காரணம் அறியாமல் களிம்பு வேண்டா

கருமை என்பது ஒரு விளைவு. அதன் காரணம் பல இடங்களில் இருக்கலாம். எடுத்துக்காட்டாக, பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, மென்பட்டுப் போலத் தடித்துக் காணப்படும். "சரியாகத் தேய்த்துக் குளிப்பதில்லை" என்று பெற்றோர் கடிந்துகொள்வர். பிள்ளை கல்லும் நாரும் கொண்டு தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அது அழுக்கன்று. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்கவில்லை என்பதன் அடையாளமாக அது பெரும்பாலும் அமைகிறது. நீரிழிவு மிகுந்துள்ள தெற்காசியக் குடும்பங்களில் இதனை அசட்டை செய்தல் ஆகாது. இங்கே தேவைப்படுவது இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் உணவு, உடற்பயிற்சி மாற்றமும் ஆகும். அவ்விடத்தில் வெளுப்புக் களிம்பு பூசுவது, காரின் எச்சரிக்கை விளக்கு எரியும்போது அதன்மேல் தாள் ஒட்டி மறைப்பதற்கு ஒப்பாகும்.

முகப்பூச்சு, தலைச்சாயம், குங்குமத்தில் கலந்த சாயம் ஆகியவற்றால் ஏற்படும் ஒவ்வாமையும் கருமையை உண்டாக்கும். காரணமான பொருளை நிறுத்தாமல் எந்த மருந்தும் பயன் தராது. மேலும், புதிதாகத் தோன்றி வடிவம் மாறும் மச்சம், இரத்தம் கசியும் புள்ளி, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் தோன்றும் கரும்பட்டை ஆகியவற்றை மருத்துவர் உடனே காணவேண்டும். கருந்தோலினர்க்குத் தோல் புற்று அரிதாயினும், வரும்போது இவ்விடங்களில் வருவதுண்டு.

குழாய்க்குள் இருப்பவை யாவை?

கரும்புள்ளிக்கென மருத்துவர் எழுதும் மருந்துகளுள் முதன்மையானது ஹைட்ரோகுயினோன். மெலனின் உருவாவதற்கு வேண்டிய டைரோசினேஸ் என்னும் நொதியை இது தடுக்கிறது. இம்மருந்துக் குடும்பத்தின் வரலாறு வியப்பானது. அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலையொன்றில் ரப்பர்க் கையுறை அணிந்து உழைத்த தொழிலாளரின் கைகள் திட்டுத்திட்டாக வெளுத்துப் போயின. கையுறை ரப்பரில் கலந்திருந்த, ஹைட்ரோகுயினோனுக்கு உறவான ஒரு வேதிப்பொருளே அதற்குக் காரணம் என 1939இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். தோலை வெளுக்கும் பொருள்கள் பற்றிய ஆய்வுகள் அதன்பின் வளர்ந்தன. ஒரு தொழில்நோயிலிருந்து அறியப்பட்ட வேதிப்பொருள் குடும்பம் இது என்பதை நினைவில் இருத்துதல் நன்று.

1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் வில்லிசும் மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரு கலவையை வெளியிட்டனர். ஹைட்ரோகுயினோன் நிறமி உருவாவதைக் குறைக்கும். டிரெட்டினோயின் தோலின் மேலடுக்கு விரைந்து புதுப்பிக்கப்பட உதவும். ஆனால் எரிச்சல் தரும். அவ்வெரிச்சலைத் தணிக்க ஒரு ஸ்டீராய்டு. இன்று வழங்கும் மும்மருந்துக் களிம்புகள் யாவும் இதன் வழிவந்தவை. 2002இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஒப்புதல் அளித்த மும்மருந்துக் களிம்பில் ஹைட்ரோகுயினோன் 4 விழுக்காடு, டிரெட்டினோயின் 0.05 விழுக்காடு, ஃபுளுவோசினோலோன் என்னும் ஸ்டீராய்டு 0.01 விழுக்காடு. முகத்தில் தோன்றும் மங்குக்கு மட்டும், நாளுக்கு ஒருமுறை இரவில், 8 வாரம் வரை என்பதே ஒப்புதலின் எல்லை. 8 ஆண்டு அன்று, 8 வாரம்.

இந்தியாவில் விற்கப்பட்ட இத்தகைய கலவைகள் பலவற்றில் இதனினும் வலிமை மிக்க மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் சேர்க்கப்பட்டிருந்தன. ஆகவே "இங்கே மருத்துவர் தந்த அதே மருந்துதான் ஊரிலும் மலிவாகக் கிடைக்கிறது" என்னும் கூற்று பலவேளை பொருந்தாது. குழாயின் நிறமும் பெயரும் ஒத்திருந்தாலும் உள்ளிருக்கும் ஸ்டீராய்டு வேறாக இருக்கலாம்.

முடிவு நாளைத் தாண்டினால்

ஸ்டீராய்டுக் களிம்பின் முதல் வாரங்கள் மயக்கம் தருபவை. முகம் தெளிகிறது, பரு அடங்குகிறது, உறவினர் பாராட்டுகின்றனர். அதனால்தான் பயன்பாடு தொடர்கிறது. மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிகிறது. கன்னத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிகின்றன. பரு முன்னினும் மிகுதியாக வருகிறது. பெண்களுக்கு முகத்தில் மயிர் அரும்புகிறது. நிறுத்த முயன்றால் முகம் சிவந்து எரிகிறது. எரிச்சல் தாங்காமல் மீண்டும் பூசுகின்றனர். கண்ணருகே நெடுநாள் பூசினால் கண்ணழுத்தம் உயரக்கூடும். படர்தாமரை மீது பூசினால் அது மறைந்தது போலத் தோன்றி உள்ளே பரவும்.

இது அரிய நிகழ்வன்று. இந்தியாவின் 12 மருத்துவ மையங்களில் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முகத்தோல் சிக்கலுடன் வந்த 2926 பேருள் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பு பூசிவந்தவர்கள் என அறியப்பட்டது. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு அதனைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். தோல் மருத்துவர்களின் நெடிய முயற்சிக்குப் பின், 2018 மார்ச்சில் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுகளின் மேற்பூச்சு மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாத "எச்" அட்டவணைக்குள் கொணர்ந்தது. சட்டம் வந்தது, எனினும் சீட்டுக் கேளாமல் எடுத்துத் தரும் வழக்கம் எல்லாக் கடைகளிலும் மறைந்துவிடவில்லை.

ஹைட்ரோகுயினோனுக்கும் ஒரு கொடிய பக்கம் உண்டு. கிளிக்மன் கலவை வெளிவந்த அதே 1975இல், தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் வெளுப்புக் களிம்புகளை நெடுநாள் பூசிய பெண்களின் கன்னங்களில் நீலங்கலந்த கருமை படிந்திருப்பதைப் பதிவு செய்தனர். ஆக்ரனோசிஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். கருமையைப் போக்கப் பூசியதே புதிய கருமையை உண்டாக்கியது. அக்கருமையைக் கண்டவர் மருந்து போதவில்லை என்றெண்ணி இன்னும் மிகுதியாகப் பூசினர். அக்கறை ஆழ்ந்து படிந்தால் நீக்குவது மிகக் கடினம். தென்னாப்பிரிக்கா 1990இல் அழகுப் பொருள்களில் ஹைட்ரோகுயினோனைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் தோல் வெளுக்கும் அழகுப் பொருள்களில் அதனைத் தடை செய்தது. பிரித்தானியாவில் இன்று அது மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே பெறத்தக்கது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டுச் சட்ட மாற்றத்திற்குப் பின் சீட்டின்றி விற்பதற்கு இடமில்லை.

இவற்றைக் கேட்டு மருந்தையே அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. குறித்த காலம், குறித்த அளவு, மருத்துவரின் மேற்பார்வை என்னும் வேலிக்குள் ஹைட்ரோகுயினோன் இன்றளவும் நன்கு பயன்படும் மருந்தாகும். இரண்டு மூன்று மாதம் பூசியும் மாற்றமில்லையெனில் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் திரும்புவதே முறை.

பெயர் மட்டும் உள்ள களிம்புகள்

குழாயிலாவது உட்பொருள் அச்சிடப்பட்டுள்ளது. பளபளப்பான சிறு டப்பாக்களில், உட்பொருள் எழுதப்படாமல், புலம்பெயர் நாடுகளின் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் வெளுப்புக் களிம்புகள் இன்னும் ஆபத்தானவை. இவற்றுள் பலவற்றில் பாதரசம் கண்டறியப்பட்டுள்ளது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அந்நோயின் ஓர் அரிய வகை காணப்பட்ட 15 பேருள் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள் எனக் கண்டனர். கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோவில் 2019இல், கலப்படக் களிம்பு பூசிய பெண்மணி ஒருவர் பாதரச நஞ்சால் நரம்பு மண்டலம் கெட்டுப் பேச்சும் நடையும் குலைந்தார்.

பாதரசம் பூசியவரோடு நிற்பதில்லை. துண்டு, தலையணை உறை, கை வழியாகவும், ஆவியாகவும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் சேரும். ஆதலின் உட்பொருள் எழுதாத எதையும் வாங்கற்க. காலோமெல், மெர்குரிக், மெர்குரியஸ் என்னும் சொற்கள் பாதரசத்தின் வேறு பெயர்கள். அத்தகைய டப்பா வீட்டில் இருந்தால் பூசுவதை நிறுத்தி, உறையிலிட்டு மூடி, குப்பையில் எறியாமல் உள்ளூர் நச்சுக்கழிவு நிலையத்தில் ஒப்படைத்து, மருத்துவரிடம் சோதனை கேட்டல் வேண்டும்.

முறையாகப் பூசும் நெறி

மருத்துவர் களிம்பு எழுதித் தந்துவிட்டார் எனக் கொள்வோம். பின்வருவன கடைப்பிடிக்கத் தக்கவை.

1. சீட்டு எழுதும்போதே கேட்க வேண்டியவை மூன்று: இதில் ஸ்டீராய்டு உண்டா? எந்த நாளில் நிறுத்த வேண்டும்? மீண்டும் எப்போது வந்து காட்ட வேண்டும்? நிறுத்தும் நாளைக் குழாயின் மேலேயே மையால் எழுதிவைத்தல் நன்று.

2. கருவுற்றிருப்பின், கருவுறும் எண்ணமிருப்பின், பாலூட்டினால், தவறாது மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். டிரெட்டினோயினும் ஹைட்ரோகுயினோனும் கருவுற்ற காலத்தில் தவிர்க்கப்படுகின்றன. அக்காலத்திற்கு ஏற்றதாக அசெலாயிக் அமிலம் போன்ற வேறு மருந்துகள் உள்ளன.

3. முதலில் முன்கையில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். கொப்புளமோ கடும் அரிப்போ தோன்றினால் முகத்தில் பூசலாகாது.

4. ஹைட்ரோகுயினோனைப் புள்ளியின் மேல் மட்டும் மெல்லியதாகப் பூசுக. டிரெட்டினோயின் முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முகம் கழுவி, நன்கு உலர்ந்த பின் இரவில் பூசுக. கண், உதடு, மூக்கோரம் தவிர்க்கப்பட வேண்டும். மிகுதியாகப் பூசினால் விரைவில் ஆறாது. எரிச்சல் உண்டாகி, அவ்வெரிச்சலே புதிய கரும்புள்ளியை விளைக்கும்.

5. பருவுக்கான பென்சாயில் பெராக்சைடை ஹைட்ரோகுயினோனோடு ஒரே நேரத்தில் பூசினால் தோலில் பழுப்புக் கறை ஏற்படும். எலுமிச்சைச் சாறு, சோடா மாவு முதலிய வீட்டு வைத்தியங்களையும், பிளீச், திரெடிங், மெழுகு முதலிய அழகு நிலையப் பணிகளையும் சிகிச்சைக் காலத்தில் விலக்குக.

6. களிம்பு பழுப்பு நிறமாக மாறியிருந்தால் அது காற்றுபட்டுக் கெட்டுவிட்டது. எறிந்துவிடுக. ஒருவருக்கு எழுதிய களிம்பை அக்காளும் தங்கையும் தாயும் பகிர்ந்துகொள்ளலாகாது.

7. சன்ஸ்கிரீன் எனப்படும் வெயில் காப்புக் களிம்பு இல்லாமல் இச்சிகிச்சை பயன் தராது. இரவில் மருந்து குறைக்கும் நிறமியைப் பகலில் வெயில் மீட்டெடுத்துவிடும். காப்பு எண் 30க்குக் குறையாததைத் தேர்ந்து, இரு விரல் நீள அளவு எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசுக. வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூசுக. மங்கு உடையோர்க்குக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் கருமையை மிகுவிக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயமுடைய வகை சிறந்தது. பனி நாட்டில் வெயில் ஏது என்பார் உளர். பனித்தரையிலிருந்து எதிரொளிக்கும் கதிரும் கதிரே.

8. ஏற்கெனவே பல மாதம் ஸ்டீராய்டுக் களிம்பு பூசி வந்தவர் அச்சங்கொண்டு தாமாகத் திடீரென நிறுத்துவதும் துன்பந்தரும். குழாயை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுதல் நன்று. படிப்படியாக விடுவிக்கும் வழியை அவர் கூறுவார். நீலக்கருமை தென்பட்டால் மட்டும் ஹைட்ரோகுயினோனை அன்றே நிறுத்துக.

பெற்றோர்க்கு ஒரு சொல், இளையோர்க்கு ஒரு சொல்

பெற்றோரே, புலம்பெயர் நாட்டில் வளரும் பிள்ளை இரு கண்ணாடிகளின் முன் நிற்கிறது. பள்ளியில் வேறு நிறத்தவரிடையே தன் நிறத்தைக் காண்கிறது. வீட்டிலோ, விடுமுறைக்கு ஊர் செல்லும்போதோ, "கறுத்துவிட்டாயே" என்னும் சொல்லைக் கேட்கிறது. மண நாள் நெருங்கும் பெண்ணிடம் அச்சொல் இன்னும் கூர்மையாகச் சொல்லப்படுகிறது. அச்சொல்லைக் கேட்ட பிள்ளை, புள்ளிக்கு எழுதித்தந்த களிம்பை முகம் முழுவதும், பின் கழுத்திலும் கையிலும், யாரும் அறியாமல் பூசத் தொடங்குகிறது. மருத்துவர் குறித்த எல்லை அங்கே உடைகிறது. எனவே வீட்டில் பாதுகாப்பான மருந்துப் பழக்கம் நாவடக்கத்திலிருந்து தொடங்குகிறது. திருமணத்திற்கு மூன்று வாரம் இருக்கையில் எந்தப் புதிய களிம்பையும் தொடங்க வேண்டா. நல்ல மருந்துக்கும் பயன் தெரிய எட்டு, பன்னிரண்டு வாரங்கள் ஆகும். விரைவில் வெளுத்தால் அதில் வலிய ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கக்கூடும் என்று ஐயுறுக.

இளைய நண்பர்களே, புள்ளிக்கு மருத்துவம் தேடுவது நாணத்தக்கதன்று. பரு வந்தவுடனே அதனைக் கிள்ளாமல் மருத்துவம் செய்துகொண்டால் புள்ளியே பெரும்பாலும் வராது. ஏற்கெனவே மறைவாக எதையேனும் பூசி வந்தால், ஏசுவார்களே என்று அஞ்சாமல் வீட்டில் ஒருவரிடம் கூறுங்கள். கூறக்கேட்ட பெற்றோர் ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் கடவர். காட்ட வேண்டிய குழாய்களையும் டப்பாக்களையும் ஒன்றுவிடாமல் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். தமிழ் எழுத்தோ பிறமொழி எழுத்தோ இருந்தாலும் உட்பொருளின் பெயரை மருந்தாளுநர் கண்டறிந்து சொல்வார்.

இவ்வுரை மருத்துவ ஆலோசனைக்கு மாற்றன்று. மருத்துவரிடம் எவ்வினாக்களோடு செல்ல வேண்டும் என்பதற்கான துணையே. இன்று இல்லம் திரும்பியதும் குளியலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். அங்குள்ள ஒவ்வொரு களிம்பையும் எடுத்து, இது யாருக்கு எழுதப்பட்டது, உள்ளே என்ன, எந்த நாளோடு முடிய வேண்டும் என்று கேளுங்கள். விடை கிடைக்காத குழாயை மீண்டும் அலமாரியில் வைக்க வேண்டா. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கொண்டு செல்லுங்கள்.